செடிகள் அறியும் குறிப்புகள்



விலங்குக்கும் தாவரத்துக்கும் உள்ள வேற்றுமை யாது என்று கேட்டால், ஒன்று இடம் பெயரும், மற்றொன்று பெயராது என்று சிறுவரும் விடை கூறுவர். வெயில் கடுமையானால் மாடு நிழலை நாடிச் செல்கிறது. குளம் வற்றினால் கொக்கு வேறு நீர்நிலை தேடிப் பறக்கிறது. மனிதரும் அவ்வாறே. தொழிலையும் கல்வியையும் கருதித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நமக்கு இதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. செடிக்கோ இந்த வழி இல்லை. விதை எங்கே விழுந்ததோ அங்கேயே அது வேரூன்ற வேண்டும். வெயிலோ பனியோ, வறட்சியோ வெள்ளமோ, வருவதை அங்கேயே நின்று ஏற்க வேண்டும்.

ஆயினும் செடி செயலற்று நிற்கிறது என்று எண்ணுவது தவறாகும். விலங்கு நடந்து செய்வதைச் செடி வளர்ந்து செய்கிறது. ஒளி இருக்கும் பக்கம் தண்டு வளைகிறது. ஆழத்தை நோக்கி வேர் இறங்குகிறது. பற்றுக்கோடு கிடைத்ததும் கொடி சுற்றிக்கொள்கிறது. உரிய பருவம் வந்ததும் மொட்டு அரும்புகிறது. கண்ணும் காதும் நரம்பும் மூளையும் இல்லாத ஓர் உயிர், தன்னைச் சுற்றியுள்ள நிலையை எவ்வாறு அறிகிறது? அறிந்ததை எவ்வாறு செயலாக்குகிறது? அந்த அறிவு எங்கே தவறிப்போகிறது? இக்கேள்விகளையே இன்று எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். நம் நாட்டின் உணவு இவற்றோடு பிணைந்திருக்கிறது. நம் வீட்டு மாடத்தில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியின் நலமும் பிணைந்திருக்கிறது.

முதலில் ஒளியை எடுத்துக்கொள்வோம். அடுக்கு மாடி வீட்டில் சாளரத்தின் அருகே தொட்டி வைத்தவர் அனைவரும் ஒன்றைக் கண்டிருப்பர். சில நாட்களில் செடி வெளிப்புறம் நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. தொட்டியைத் திருப்பி வைத்தால், மறுபடியும் வெளிச்சத்தின் பக்கமே திரும்புகிறது. இந்த எளிய நிகழ்ச்சியைப் பேரறிஞர் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் ஆராய்ந்து, 1880-இல் ஒரு நூலில் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒருவகைப் புல்லின் இளமுளை. முளையின் நுனிக்கு மட்டும் ஒளி புகாத சிறு தொப்பியை அணிவித்தபோது அது வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு, கீழ்ப்பகுதியைக் கரிய மணலால் மூடியபோது வளைந்தது. எனவே ஒளியை உணரும் இடம் நுனி. வளையும் இடமோ அதற்குக் கீழே உள்ளது. ஓரிடத்தில் உணரப்பட்ட செய்தி மற்றோரிடத்துக்குச் செல்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

அச்செய்தியைக் கொண்டு செல்வது யாது? ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர், நெதர்லாந்து நாட்டினரான பிரிட்ஸ் வென்ட் என்பவர் இதற்கு விடை கண்டார். ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி, அகர் என்னும் கூழ்த் துண்டின்மேல் சிறிது நேரம் வைத்தார். பின்னர் நுனிகளை அகற்றிவிட்டு, அந்தக் கூழ்த் துண்டை, நுனி வெட்டப்பட்ட வேறொரு முளையின் ஒரு பக்கத்தில் மட்டும் பொருத்தினார். ஒளியே இல்லாத நிலையிலும் அம்முளை வளைந்தது. துண்டு இருந்த பக்கம் மிகுதியாக நீண்டு, மறுபக்கம் நோக்கிச் சாய்ந்தது. நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கூழுக்குள் இறங்கியிருக்கிறது என்பது உறுதியாயிற்று. இவ்வாராய்ச்சியை அவர் 1928-இல் வெளியிட்டார். அப்பொருளுக்கு ஆக்சின் என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஒரு பக்கத்திலிருந்து ஒளி படும்போது, ஆக்சின் நிழற் பக்கத்தில் மிகுதியாகச் சேர்கிறது. அப்பக்கத்து உயிரணுக்கள் அதிகமாக நீள்கின்றன. நிழற் பக்கம் நீண்டால் தண்டு ஒளிப் பக்கம் வளைவது இயல்பேயன்றோ? ஒளியின் நீல நிறக் கதிர்களை உணர்ந்து இச்செயலைத் தொடங்கி வைக்கும் புரதத்தையும் 1990-களில் ஆராய்ச்சியாளர் இனம் கண்டனர்.

இங்கே ஒன்றை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். செடிக்கு வேண்டுவது உணவு. உணவை ஆக்குதற்குரிய ஒளி எப்பக்கம் உள்ளது என்பதைக் காட்டும் குறிப்பு, நீலக் கதிர். தேவை ஒன்று; தேவையைக் காட்டும் குறிப்பு மற்றொன்று. செடியின் வாழ்க்கை முழுவதும் இத்தகைய குறிப்புகளை நம்பியே நடைபெறுகிறது. குறிப்பு மெய்யாக இருக்கும்வரை செடி பிழைப்பதில்லை. குறிப்பும் தேவையும் பிரிந்துவிட்டால், செடி தன் கடமையைச் செவ்வனே செய்தும் கெட்டுப்போகிறது.

வேரின் நிலையும் இதுவே. வேருக்கு வேண்டுவன நீரும் உப்புக்களும். மண்ணுள் இருளில் கிடக்கும் விதைக்கு எது மேல், எது கீழ் என்பதை யார் சொல்வர்? விதையைத் தலைகீழாகப் போட்டாலும், பக்கவாட்டில் போட்டாலும், வேர் கீழும் தண்டு மேலுமாகவே செல்கின்றன. இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் 1806-இல் இதனைச் சோதித்தார். ஓடை நீரால் விரைந்து சுழலும் ஒரு சக்கரத்தில் அவரையின விதைகளைப் பொருத்தி முளைக்கச் செய்தார். சக்கரம் சுழலச் சுழல, விதைக்குக் கீழ் என்னும் திசை நொடிதோறும் மாறிக்கொண்டே இருந்தது. மாறாமல் இருந்தது, சுழற்சி வெளிப்புறம் தள்ளும் விசை ஒன்றே. முடிவில் வேர்கள் யாவும் சக்கரத்தின் வெளிப்புறத்தை நோக்கியும், தண்டுகள் யாவும் அதன் நடுவை நோக்கியும் வளர்ந்திருந்தன. வேருக்குத் திசை காட்டுவது தன்மேல் செயற்படும் விசைதான் என்பது புலனாயிற்று.

வேர் நுனியின் சில உயிரணுக்களுள் மாவுச்சத்து மணிகள் உள்ளன. வேர் சாய்ந்தால், சொம்பின் அடியில் மணல் படிவது போல் அம்மணிகள் கீழ்ப்பக்கம் சென்று படிகின்றன. அதனைத் தொடர்ந்து ஆக்சின் கீழ்ப்பக்கத்தில் மிகுதியாகச் சேர்கிறது. தண்டில் வளர்ச்சியைத் தூண்டும் அதே பொருள், வேரில் மிகுந்தால் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆகவே வேரின் கீழ்ப்பக்கம் நீளாமல் நிற்க, மேற்பக்கம் நீண்டு, வேர் தரையை நோக்கி வளைகிறது. தண்டிலோ கீழ்ப்பக்கம் நீண்டு, தண்டு வானை நோக்கி எழுகிறது. பொருள் ஒன்று, விளைவு இரண்டு.

கீழ் என்னும் திசையே உணரப்படாத இடத்தில் செடி என்ன செய்யும்? நம் நாட்டு விண்வெளி ஆராய்ச்சியாளரும் இத்துறையில் அடி வைத்துள்ளனர். 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட ராக்கெட்டின் இறுதிப் பகுதியில், மூடிய சிறு பெட்டி ஒன்றில் 8 காராமணி விதைகள் அனுப்பப்பட்டன. 4 நாட்களில் அவை முளைத்தன. பின்னர் இலையும் விட்டன. விதை முளைப்பதற்குப் புவியின் ஈர்ப்பு வேண்டுவதில்லை. ஆனால் ஈர்ப்பு காட்டிய வழியை அங்கே ஒளியைக் கொண்டோ வேறு வகையிலோ மனிதரே காட்ட வேண்டியிருக்கும்.

குறிப்புகளைச் செடி எவ்வளவு நுட்பமாகப் பகுத்தறிகிறது என்பதற்குக் கொடிகள் சிறந்த சான்று. பாகல், புடல், சுரை முதலிய கொடிகளின் பற்றுக்கம்பிகளைக் கவனித்திருப்பீர்கள். கம்பியின் நுனி காற்றில் மெல்லச் சுழன்று தேடுகிறது. ஒரு குச்சியைத் தொட்டதும், தொட்ட பக்கம் வளர்ச்சி குன்றி, மறுபக்கம் வளர்ச்சி மிகுந்து, கம்பி குச்சியைச் சுற்றிக்கொள்கிறது. ஆனால் பல கொடிகளின் பற்றுக்கம்பிகள், மழைத்துளி எவ்வளவு விசையாக விழுந்தாலும் சுருள்வதில்லை. இதனையும் டார்வின் குறித்துள்ளார். மழையைப் பற்றிக்கொண்டு எக்கொடியும் ஏற முடியாது. பயனற்ற தொடுதலைக் கொடி பொருட்படுத்துவதில்லை.

செடியின் இத்தகைய அசைவுகளை அளந்து காட்டிய பெருமை நம் நாட்டினர் ஒருவருக்கு உண்டு. ஜகதீச சந்திர போஸ், செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை அமைத்தார். 1917-இல் கொல்கத்தாவில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவினார். அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, அந்நாளில் வங்காளத்திலும் இந்நாளில் பங்களாதேசத்திலும் அடங்கிய பரீத்பூர் என்னும் ஊரில் நின்ற ஓர் ஈச்சமரம். மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் அம்மரம் தலை தாழ்த்தும். காலையில் நிமிர்ந்து நிற்கும். மக்கள் அதனைத் தொழுகின்ற மரம் என்று போற்றிக் காணிக்கை செலுத்தி வந்தனர். போஸ் தம் கருவியை அம்மரத்தில் பொருத்தி, இரவும் பகலும் அதன் அசைவைப் பதிவு செய்தார். வெப்பநிலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப மரம் தாழ்ந்தும் உயர்ந்தும் வந்தது. பின்னர் மரம் பட்டபோது அசைவும் நின்றுபோயிற்று. உயிருள்ள மரம் வெப்பத்துக்குத் துலங்கிய செயலே அது என்று அவர் காட்டினார். மணியோசைக்கும் மரத்தின் அசைவுக்கும் தொடர்பு கற்பித்தது மனிதர் மனம்.

ஒளி திசையை மட்டும் காட்டுவதில்லை. அண்டையில் யார் இருக்கிறார் என்பதையும் காட்டுகிறது. இலை சிவப்புக் கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது; அவற்றுக்கு அடுத்துள்ள, நம் கண்ணுக்குச் சரிவரப் புலப்படாத தொலைச்சிவப்புக் கதிர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆகவே பிற செடிகளின் நிழலில் சிவப்புக் குறைந்து, தொலைச்சிவப்பு மிகுந்திருக்கும். இந்த விகிதத்தை அறிவதற்கென்றே செடியில் பைட்டோகுரோம் என்னும் நிறப்பொருள் உள்ளது. 1959-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனைக் கண்டறிந்தனர். அயலார் நெருங்கி நிற்கின்றனர் என்று உணர்ந்த செடி, கிளை விடுவதைக் குறைத்து, உயரமாகவும் மெலிவாகவும் வளர்கிறது. தேக்கங்கன்றுகளை நெருக்கி நடுவதில் இப்பயனும் உண்டு. தனித்து நிற்கும் தேக்கு கிளை பரப்பும், கூட்டத்தில் நிற்கும் தேக்கு நேராக உயரும்.

இதுகாறும் இடத்தைப் பற்றிப் பேசினோம். இனிக் காலத்தைப் பற்றிச் சிறிது காண்போம். செடி பூக்க வேண்டிய பருவத்தை எவ்வாறு அறிகிறது? வெப்பத்தாலும் மழையாலும் அறியும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்னும் இருவர் ஒரு புதுவகைப் புகையிலையை வளர்த்தனர். கோடையில் அது ஓங்கி வளர்ந்ததேயன்றிப் பூக்கவில்லை. கூதிர்காலத்தில் கண்ணாடி வீட்டினுள் வைத்தபோது சிறு செடியும் பூத்தது. வெப்பம், ஈரம், உரம் ஆகியவற்றை மாற்றிப் பார்த்தும் விளங்கவில்லை. இறுதியில், கோடையிலேயே நாள்தோறும் மாலையில் செடிகளை ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து, காலையில் வெளியே எடுத்து, பகலைச் செயற்கையாகக் குறுக்கினர். புகையிலை பூத்துவிட்டது. செடி அளந்தது பகலின் நீளம் என்று 1920-இல் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர்.

பின்னர் வந்த ஆராய்ச்சி இதனைச் சிறிது திருத்தியது. முள்காய்களால் ஆடையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு களைச்செடியைக் கொண்டு 1938-இல் ஹாம்னர், பானர் என்னும் இருவர் செய்த சோதனையில், செடி உண்மையில் அளப்பது இடைவிடாத இரவின் நீளத்தையே என்பது வெளிப்பட்டது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடங்கள் ஒளியைக் காட்டினாலே போதும். செடி அவ்விரவைக் குறுகிய இரவாகக் கணக்கிட்டுப் பூக்காமல் இருந்துவிடும். தில்லியில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மலரும் சாமந்தி இத்தகைய செடி. தெருவிளக்கின் ஒளி இரவு முழுவதும் படும் மாடத்தில் வைத்த சாமந்தி, எவ்வளவு உரமிட்டாலும் பூக்கத் தயங்குகிறது. அதற்குக் குறை உரத்தில் இல்லை; இரவு கிடைக்காததே குறை.

செடி ஏன் வெப்பத்தை நம்பாமல் இரவை நம்புகிறது? வெப்பம் பொய்க்கக்கூடியது. தை மாதத்திலும் சில நாட்கள் வெம்மையாக இருக்கலாம். பங்குனியிலும் திடீரெனக் குளிரலாம். இரவின் நீளமோ ஆண்டுதோறும் அதே நாளில் அதே அளவாக இருக்கும். தில்லியில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 14 மணி நேரம். மிகக் குறுகியது 10 மணிக்குச் சற்று அதிகம். சென்னையிலோ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேர அளவே. தென்னாட்டிலிருந்து வந்தவர்கள் முதலாண்டிலேயே உணரும் மாறுதல் இது. செடிகளோ தென்னாட்டின் அச்சிறு வேறுபாட்டையும் அறிகின்றன. காவிரிப் படுகையின் பழைய சம்பா வகைகளுட் பலவும், வங்காளத்து ஆமன் நெல்லும், இரவு நீளும் காலத்தை ஒட்டியே கதிர் விட்டன. சற்று முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் பூக்கும் காலம் அதிகம் மாறாது. மழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, வெயில் வரும் வேளையில் மணி முற்றும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியின் பின்னே, செடியின் இந்த நாட்கணக்கைக் கண்டறிந்த உழவரின் நெடுங்கால அனுபவம் இருக்கிறது.

இந்த நாட்கணக்கு செடிக்குக் காவல். மனிதனுக்கோ சில வேளை அது தடையாகவும் அமைந்தது. ஓரிடத்தில் நன்கு விளையும் வகை, பகலின் நீளம் வேறுபட்ட மற்றோரிடத்தில் உரிய காலத்தில் பூவாமல் போகலாம். இத்தடை நீங்கிய வரலாறு நம் நாட்டின் வரலாற்றோடு நெருங்கியது. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்னும் அறிஞர், கோதுமை வகைகளை விரைவில் உருவாக்குவதற்காக ஆண்டுக்கு இரண்டு பயிர் எடுத்தார். ஒன்று வடக்கே சோனோராவின் தாழ்ந்த சமவெளியில். மற்றொன்று தெற்கே டொலூகாவின் உயர்ந்த பீடபூமியில். அட்சரேகையில் ஏறத்தாழ 10 பாகை வேறுபட்ட இவ்விரு இடங்களிலும் மாறி மாறிப் பிழைத்த கோதுமையே அடுத்த தலைமுறைக்கு விதையாயிற்று. பகலின் நீளத்தை எதிர்பார்த்து நின்ற வகைகள் தாமே கழிந்தன. எஞ்சியவை எந்நாட்டிலும் பூக்க வல்லவை. அவற்றோடு, உரமிட்டாலும் உயர்ந்து சாய்ந்துவிடாத குட்டைத் தன்மையும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

1965, 1966 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டில் மழை பொய்த்தது. அயல்நாட்டிலிருந்து கப்பலில் வரும் கோதுமையை எதிர்பார்த்து வாழ்ந்த காலம் அது. தில்லியின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய, கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் புதிய கோதுமையைச் சோதித்து, அதன் தகுதியை எடுத்துக் கூறினார். 1964 முதல் 1967 வரை உணவு, வேளாண் துறை அமைச்சராக விளங்கிய சி. சுப்பிரமணியம் அதனை ஏற்றார். தம் தில்லி இல்லத்துப் புல்வெளியை உழுது அங்கேயே கோதுமை விதைத்தும் காட்டினார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து சேர்ந்தது. 1964-65-இல் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-இல் 1 கோடியே 65 இலட்சம் டன்னாக உயர்ந்தது. அதே 1966-இல் வெளிவந்த ஐ.ஆர்.8 என்னும் நெல்லும் இரவின் நீளத்தை எதிர்பாராதது. நீர் இருந்தால் எப்பருவத்திலும் விளைவது. நீரும் உரமும் உழைப்பும் இவ்வெற்றிக்குக் காரணங்களே. ஆனால் செடி எந்தக் குறிப்பை நம்புகிறது என்பதை அறிந்து, அதனை மாற்றியமைத்ததும் அவற்றுள் முதன்மையானது.

இனி, குறிப்பும் தேவையும் பிரிந்துவிடும் இடத்துக்கு வருவோம். இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் மரம் கூதிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குகிறது. இடையில் ஒரு நாள் வெம்மையானால் அது விழித்துவிடுவதில்லை. கடுங்குளிரில் கழிந்த மணிகளை அது கணக்கிட்டு வருகிறது. பல வகைகளுக்கு ஏறத்தாழ 1,000 மணி நேரக் குளிர் வேண்டும். கணக்கு நிறைந்த பின்னரே, வெம்மை வரும்போது மொட்டு விரியும். சென்ற சில பத்தாண்டுகளாகத் தாழ்ந்த மலைச்சரிவுகளில் அத்தகைய குளிர் குறைந்து வருகிறது. கணக்கு நிறையாத மரம் ஒழுங்காகப் பூப்பதில்லை. ஆப்பிள் பயிர் கின்னௌர், லாகுல் போன்ற உயர்ந்த பகுதிகளை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. மரம் நடக்கவில்லை, மரத்தை நடுபவர் நடக்கின்றனர்.

கோதுமையின் நிலை இதனினும் கவலைக்குரியது. இரவின் நீளத்தை எதிர்பாராத கோதுமைக்கு எஞ்சிய பெருங்குறிப்பு வெப்பம். வெப்பம் மிகுந்தால் பருவம் முடிகிறது என்று அது கொள்கிறது, விரைந்து முற்றுகிறது. மணியில் பால் ஏறி நிரம்பவேண்டிய நாட்கள் குறைகின்றன. 2022 மார்ச் மாதம், 1901 முதல் உள்ள பதிவுகளிலேயே நம் நாட்டின் மிக வெப்பமான மார்ச் மாதமாக அமைந்தது. பஞ்சாபிலும் அரியானாவிலும் கோதுமை மணிகள் சுருங்கின. அவ்வாண்டு 11 கோடியே 13 இலட்சம் டன் விளையும் என்று பிப்ரவரியில் மதிப்பிட்ட அரசு, மே மாதத்தில் அதனை 10 கோடியே 64 இலட்சமாகக் குறைத்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பயிர் எவ்விதத் தவறும் செய்யவில்லை. வெயில் முற்றினால் அறுவடைக்காலம் என்னும் தன் பழைய பாடத்தையே அது ஒப்பித்தது. வெயில்தான் முன்னதாக வந்துவிட்டது. விதைப்பை முன்னதாகத் தொடங்குவதும், வெப்பம் தாங்கும் வகைகளை உருவாக்குவதும் இன்று வேளாண் அறிஞர் மேற்கொண்டுள்ள வழிகள்.

நாட்டின் வயலிலிருந்து நம் வீட்டு மாடத்துக்கு வருவோம். வடநாட்டில் வாழும் தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைத் தொட்டி இல்லாத வீடு அரிது. டிசம்பர் பிறந்ததும் அதன் இலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. செடி வாடுகிறதே என்று மனம் பதைத்து, நாள்தோறும் நீரை ஊற்றுகிறோம், மோரும் விடுகிறோம், உரமும் இடுகிறோம். பிப்ரவரி முடிவதற்குள் செடி பட்டுவிடுகிறது. குளிர் கொன்றது என்று கூறுகிறோம். பெரும்பாலும் கொன்றது நம் நீரேயாகும்.

இச்செடி தென்னாட்டுக்கே உரியது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளிலும் அது தானே முளைத்து வளர்கிறது. இந்தி பேசுவோர் மீட்டா நீம் என்று அதனை அழைக்கின்றனர். குளிர் வந்தால் வளர்ச்சியை நிறுத்தி, இலையை உதிர்த்து, வெம்மை வரும்வரை காத்திருப்பது அதன் இயல்பு. அக்காலத்தில் அதற்கு மிகக் குறைந்த நீரே போதும். மிகுதியான நீர் தொட்டியில் தேங்க, குளிர்ந்த மண்ணில் வேர் அழுகுகிறது. ஆகவே மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே நீர் விடுக. தொட்டியைத் தெற்கு நோக்கிய வெயிலில் வைக்க. உரத்தை மார்ச்சு மாதத் தளிர் தோன்றும்வரை நிறுத்திவைக்க. வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை தொட்டியைச் சிறிது திருப்பி வைத்தால் தண்டு ஒருபக்கம் சாயாது. சாமந்தி வளர்ப்போர் அதனைத் தெருவிளக்கின் ஒளி படாத மூலையில் வைக்க. இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை.

செடியின்பால் நாம் கொள்ளும் அன்பு, அன்பாகவே செடியைச் சென்று சேர்வதில்லை. ஒளியாக, இருளாக, ஈரமாக, வெம்மையாக மாறித்தான் சேர்கிறது. நாம் எண்ணியதைச் செடி அறியாது. நாம் செய்ததை அறியும். ஆகவே அதன் குறிப்புகளைக் கற்றுக்கொள்ளாத அன்பு, சில வேளைகளில் பகையின் வேலையைச் செய்துவிடுகிறது.

வீட்டுத் தொட்டிக்குப் பொருந்தும் இவ்வுண்மை உலகத்துக்கும் பொருந்தும். பகலும் இரவும் இன்றும் பழைய கணக்கின்படியே நீண்டும் குறுகியும் வருகின்றன. அக்கணக்கை மனிதன் தொட முடியவில்லை. வெப்பத்தின் கணக்கையோ அவன் தன் புகையால் மாற்றிவிட்டான். இரண்டும் ஒத்து நடந்த காலத்தில் உருவான செடிகள், இரண்டும் வேறுபடும் காலத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றால் நடந்து செல்ல முடியாது. நடக்க வல்லவர்களாகிய நாமே அவற்றுக்கு ஏற்ற விதையைத் தேட வேண்டும்; ஏற்ற நாளையும் இடத்தையும் தேட வேண்டும்; வெப்பத்தை மேலும் பெருக்காதிருக்கவும் வேண்டும். நம் வீட்டு அடுப்பில் வேகும் ஒவ்வொரு பிடி சோறும், தட்டில் விழும் ஒவ்வொரு சப்பாத்தியும், எங்கோ ஒரு செடி தனக்குக் கிடைத்த குறிப்பை நம்பிச் செயலாற்றியதன் பயன் என்பதை நாம் மறவாதிருப்போமாக.